வாசலில் ஒரு பை

நான் கோவளத்துக்காரி. பத்தாவது வரைக்கும் படிச்சவள். பேச்சில் தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

என் சித்தி மகள் கல்யாணமாகி டோக்கியோவில் நிஷி கசாய் என்ற இடத்தில் இருக்கிறாள். நம்ம நாட்டு ஆட்கள் அங்கே நிறையப் பேர். பக்கத்து வீட்டு ஜப்பான் அம்மா அவளுக்கு நல்ல பழக்கம். அவங்க வீட்டு நடைமுறையை வீடியோ காலில் கதை கதையாகச் சொல்லுவாள்.

வாசலில் நுழைஞ்சதும் தரை ஒரு படி தாழ்வா இருக்கும். செருப்பை அங்கேயே கழற்றி, முனை தெருவைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பாங்களாம். குளியலறையில் முதலில் வெளியே சோப்பு போட்டுக் குளிச்சுட்டு, அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் உட்காருவாங்க. வீட்டில் எல்லாருக்கும் அதே தண்ணீர்தான். மறுநாள் அதிலேயே துணியும் துவைப்பாங்க. பூகம்பத்தில் விழாமல் இருக்க, அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பிணைச்சிருப்பாங்க.

வாசல் பக்கத்தில் ஒரு பை இருக்கும். அவசரத்துக்குத் தூக்கிட்டு ஓட. அதில் டார்ச், சின்ன ரேடியோ, தண்ணீர், காய்ந்த தின்பண்டம், மாத்திரை, துண்டு, சில்லறைக் காசு, பேங்க் புத்தக நகல். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி டோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம் வந்ததாம். அதனால் வருஷா வருஷம் அந்தத் தேதியில் பையைத் திறந்து, பழசை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, புதுசு வைப்பாங்களாம். சுனாமி என்பதே அவங்க வார்த்தைதான். துறைமுகத்து அலை என்று அர்த்தமாம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு 16 வயசு. அந்த வருஷம்தான் பத்தாவது பாஸ். ஐ.டி.ஐ.யில் சேர ஆசை. தண்ணீர் வந்தப்போ அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கிட்டாங்க, நான் ஆயா கையைப் பிடிச்சு ஓடினேன். ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட், அம்மாவோட குழுப் பாஸ்புக் எல்லாம் தகரப் பெட்டியில் இருந்தது. திரும்பி வந்தப்போ பெட்டியே இல்லை. உயிர் தப்பினோம், அது சாமி புண்ணியம். ஆனா மறு மார்க் ஷீட் கைக்கு வர்றதுக்குள்ள சேர்க்கை முடிஞ்சுபோச்சு. அப்புறம் வீட்டு வேலை, கல்யாணம் என்று போயிடுச்சு.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்த ராத்திரி, கரண்ட் இல்லாத இருட்டில் ஆதாரைத் தேடினேன், மாமியாரோட சுகர் மாத்திரையைத் தேடினேன். பதினெட்டு வருஷமாகியும் நான் ஒண்ணும் கத்துக்கலையே என்று அழுகையே வந்தது. அதுக்கப்புறம்தான் தங்கச்சி இந்தப் பையைப் பற்றிச் சொன்னாள்.

பெரியவனோட பழைய ஸ்கூல் பையை எடுத்தேன். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைங்க மார்க் ஷீட் எல்லாத்துக்கும் நகல் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டேன். ஒரு வார மாத்திரை, டார்ச், தீப்பெட்டி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம், மாதவிலக்குத் துணி, சில்லறையாக 500 ரூபாய். "ஊரை விட்டு ஓடப்போறியா?" என்று வீட்டுக்காரர் சிரிச்சார். இப்போ அவரே பேட்டரி மாத்தி வைக்கிறார்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இரண்டு. குழுவோட தீர்மானப் புத்தகம், கடன் லெட்ஜர் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கு. அதுக்கு ஒரு நகல் கடலுக்குத் தள்ளி இருக்கிற உறுப்பினர் வீட்டில் இருக்கணும். இரண்டாவது, டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றி, பூ போட்டு வர்றோம். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பையைத் திறந்து பார்ப்போம். பை இல்லாதவங்க அன்றைக்கே ஒண்ணு கட்டி வைப்போம்.