தலையில் காந்தம் வைத்தால் உடம்பு வலி போகுமா?

(நமது குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர், சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் பிளாக்கில் இருக்கும் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைக் காட்டினார்கள். மூளைக்குக் காந்த சிகிச்சை, மாத்திரை வேண்டாம், நாள்பட்ட வலி தீரும் என்று போட்டிருந்தது. "நம்பலாமா சார்?" என்றார்கள். பத்து வருடமாக உடம்பெல்லாம் வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லாம் பிரமை என்கிறார்களாம். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

பிரமை இல்லை. எங்கே வலித்தாலும் அதை வலியாக உணர்வது மூளை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைக் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைக் கொண்டே சிலருக்குக் குறைத்துக் காட்டினார்.

இந்தக் காந்த சிகிச்சைக்கு டி.எம்.எஸ். என்று பெயர். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினார்கள். தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். அதில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி மூளை நரம்புகளைத் தூண்டும். மயக்க மருந்து கிடையாது. டக் டக் என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கடையில் விற்கும் காந்தப் படுக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பலன் உண்டா? டெல்லி எய்ம்ஸில் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு வாரம் 5 நாள், 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 காக்ரேன் மதிப்பாய்வு, பலன் சிறியது, கொஞ்ச காலத்துக்குத்தான், ஆய்வுகளின் தரமும் போதாது என்றது. ஆகவே "தீரும்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். "குறையலாம்" என்பதே சரி.

நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 20 நாள் சிகிச்சை என்றால் 20 நாளும் சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டும். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு! கிடைத்த பலன் பாதி வழியிலேயே போய்விடும். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கிக்கொள்ளுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களும், தலைக்குள் உலோக கிளிப், காதில் காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். முழு பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். சாப்பிடும் மாத்திரையையும் ஏரியைச் சுற்றி நடப்பதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அக்கா வியாழக்கிழமை நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். இந்த முறை வீட்டுக்காரரும் கூடப் போகிறாராம்.