மரம் ஏறத் தெரிந்தால் போதுமா?



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாடு போக நினைக்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் நிறைய. "சார், எனக்கு மரம் ஏறத் தெரியும், ரம்பம் பிடிக்கத் தெரியும். அங்கே மரம் பராமரிக்கிற வேலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தொழில். நமக்குப் பழக்கம் மரத்தைச் சாய்ப்பது. அங்கே வேண்டியது மரத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஆள். சிங்கப்பூர் சாலைகளில் நிழல் தருகிற மரங்களில் நம்ம ஊர்த் தூங்குமூஞ்சியும் ஒன்று. அதன் பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், கனம் தாங்காமல் தாய்மரத்துப் பட்டையும் சேர்ந்து உரிந்துவிடும். முதலில் தாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தைக் கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழ விடுங்கள். கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம் போல் உப்பியிருக்கும், பாருங்கள். அதைக் காயப்படுத்தாமல் மிச்சத்தை ஒட்ட அறுத்துவிடுங்கள். அந்த உப்பல்தான் வெட்டுக்காயத்தை மூடும். வீட்டு வேம்பிலேயே பழகலாம். வளைகுடா நாடுகளில் பேரீச்சை மரம் ஏறி, ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சான்றிதழ். கருவி கொண்டு தென்னை ஏற, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. இது போன்ற பயிற்சிகளைப் பற்றி வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கத்தின் தேர்வை எழுத, பட்டப்படிப்பு இல்லாதவருக்கு மூன்று வருட வேலை அனுபவம் தேவை. ஆகவே செய்த வேலைக்கெல்லாம் எழுத்து மூலம் சான்று வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, ஏஜென்ட். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான்; அதற்கும் ரசீது உண்டு. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பிடிபட்டால் சம்பளமும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கேயும் பதிவு செய்யலாம்.

கிளையை அறுக்குமுன் அது எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கிறோம் அல்லவா? நகையை அடகு வைக்குமுன்னும் அப்படியே பாருங்கள்.