இனிப்பு உண்ட நாய்

நீரிழிவு மனித குலத்துக்கு மட்டுமே உரிய வியாதியன்று. நம் காலடியில் வாலாட்டிக் கிடக்கும் நாய்க்கும் அது வருவதுண்டு என்பதும், வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுட்காலம் முழுவதும் இன்சுலின் ஊசி போட்டே பராமரிக்க வேண்டியிருக்கும் என்பதும் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

அத்தகைய நாய், பண்டிகை நாளில் வீட்டார் அயர்ந்த சமயம் பார்த்துத் தட்டிலிருந்த ஜிலேபியை விழுங்கிவிட்டால், பதற்றத்தில் இன்சுலினை இரட்டிப்பாக ஏற்றிவிடுவது விபரீதமாகும். ஏனெனில், ஓரிரு இனிப்பால் ஏறிய சர்க்கரை பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், மிகையான இன்சுலினோ சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கி, வலிப்பையும் மரணத்தையுமே வருவிக்கக்கூடியது. ஆகவே, தாராளமாகக் குடிநீர் வைத்து, மருந்தின் அளவைத் தாமாக மாற்றாது, கால்நடை மருத்துவரிடம் தகவல் சொல்லி, வாந்தி, சோர்வு, உணவில் வெறுப்பு ஆகிய குறிகள் தோன்றினால் தாமதமின்றி அவரிடம் கொண்டு செல்வதே விவேகம்.

தின்றது சாக்லேட்டாகவோ, உலர்திராட்சை பதித்த லட்டாகவோ, சர்க்கரையற்றது என்ற விளம்பரத்தோடு சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த மிட்டாயாகவோ இருப்பின், குறிகளுக்காகக் காத்திராமல் உடனே புறப்பட வேண்டும். மூன்றுமே நாய்க்கு நஞ்சு.

1921-ஆம் ஆண்டில் டொரான்டோ சர்வகலாசாலையில் இன்சுலினைக் கண்டறிந்த பான்டிங்கும் பெஸ்டும் தாம் பிரித்தெடுத்த கணையச் சாற்றைப் பரீட்சித்தது நாய்களின் மீதே. ஆதலால், அம்மருந்தைச் சரியான அளவில், சரியான வேளையில் நாய்க்குச் செலுத்துவது, மனிதர் பட்ட கடனைத் தீர்ப்பதுமாகும்.