அன்ஃபிட் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள்!

(இளைஞர், வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் எடுக்கப் போன தம்பி, ‘அன்ஃபிட்’ என்று முகம் வாடித் திரும்புகிறார். இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி அல்லது சி கிருமி. விசா போயிற்றே என்று வீடே அழுகிறது. அடுத்து என்ன செய்கிறோம்? விஷயம் வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுகிறோம். “மஞ்சள் காமாலைகூட இல்லை, நன்றாகத்தானே இருக்கிறான்” என்று கடையில் உட்கார வைத்து விடுகிறோம்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! போனது விசா மட்டும்தானா?

கல்லீரல் வலித்துச் சொல்லும் உறுப்பு அல்ல. பல்லாண்டு காலம் ஓசையின்றித் தழும்பேறும். வயிற்றில் நீர் கட்டிய பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. ஆனால் அதற்கு முன்பே இரத்தம் பேசுகிறது. கேட்கத்தான் ஆளில்லை!

சிலர் எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்துவிட்டு, “நார்மல்” என்று நிம்மதி அடைகிறார்கள். வியாபாரிகளே! ஒருநாள் கல்லாவைப் பார்த்துக் கடையின் இலாப நஷ்டத்தைச் சொல்வீர்களா? பேரேட்டைப் புரட்ட வேண்டாமா?

ஈரலுக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. ‘ஃபிப்-4’ என்பது அதன் பெயர். 2006-ல் வெளியான கணக்கு இது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுங்கள். விடை 1.45-க்குக் கீழ் என்றால் கடும் தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 3.25-க்கு மேல் என்றால் அபாய மணி!

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 50, எஸ்.ஜி.பி.டி. 36. ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 30, பிளேட்லெட் 2.5 இலட்சம், விடை 1. மற்றவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 72, பிளேட்லெட் 1.2 இலட்சம், விடை 5! எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்திருந்தால் இருவரும் ஒன்றே. தழும்பேறிய ஈரலில் இரத்தம் தடைபட, மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறைவும் உயர்ந்த எஸ்.ஜி.ஓ.டி.யும் சேர்ந்துதான் இங்கே காட்டிக் கொடுத்தன.

இது தீர்ப்பு அல்ல, சல்லடை. இளம் வயதில் தவறவும் கூடும். கிருமியின் அளவு, ஸ்கேன் ஆகியவற்றையும் சேர்த்து மருத்துவரே முடிவு சொல்லட்டும்.

மருந்து இல்லாத காலமா இது? ‘சி’ கிருமியைப் பெரும்பாலோருக்குச் சில மாத மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம். ‘பி’யை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஒரே சஹனில் சாப்பிட்டால் இது ஒட்டாது. பிறகு ஏன் ஒளிக்க வேண்டும்? ‘பி’ கிருமி உள்ளவரின் மனைவி மக்களையும் சோதியுங்கள். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்.

தம்பிமார்களே! அந்தச் சீட்டு உங்களை விசாவுக்குத்தான் தகுதியற்றவர் என்றது, வாழ்வதற்கு அல்ல. கிழிக்காதீர்கள். நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்!