குதிரைக்காகப் போட்ட வளைவுகள்



ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றும் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு மூலை இருக்கிறது. இன்று அங்கேதான் போகிறோம், அதுவும் மோட்டார் சைக்கிளில். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் வண்டியை எடுத்து, கிழக்கே குரோஸ்குளோக்னர் மலைச்சாலை, தெற்கே டோலமைட் மலைகள், மேற்கே ஸ்டெல்வியோ கணவாய் என்று ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இன்ஸ்புரூக்கிலேயே வந்து நிற்கலாம். நிதானமாகப் போனாலும் ஒரு வாரம் போதும்.

இந்த வட்டாரத்தில் வழிகாட்டியோடு குழுவாகப் போவது வழக்கமான ஏற்பாடு. எட்டுப் பத்து வண்டிகள் சேர்ந்தால் ஒரு குழு. வழிகாட்டி முன்னால் தன் வண்டியில் போவார். பெட்டி படுக்கையை ஒரு வேன் ஏற்றிக்கொண்டு நேராக அடுத்த ஊர் விடுதிக்குப் போய்விடும். காலைச் சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை விரித்து, இன்று எந்தக் கணவாய், எங்கே பெட்ரோல், எந்த ஊரில் மதியச் சாப்பாடு, மழை வருமா என்று பத்து நிமிஷம் பேசுவார்கள். அதற்குப் பிறகு முக்கியமான விதி ஒன்றுதான்: நமக்குப் பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரிகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாம் குறைத்ததும் நமக்கு முன்னால் போகிறவர் குறைப்பார், அப்படியே சேதி வழிகாட்டிவரை போய்விடும். பாதை பிரிகிற இடத்தில் ஒருவர் ஓரமாக நின்று பின்னால் வருகிறவருக்குத் திசை காட்டிவிட்டுத்தான் நகர்வார். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் மொழி தெரியாத மலைக்குள் பத்துப் பேர் தொலைந்துபோகாமல் ஓட்டலாம்.

முதலில் குரோஸ்குளோக்னர். ஆஸ்திரியாவின் மிக உயரமான சிகரம் அது, 3,798 மீட்டர். அதன் அருகே மலையின் வடபுறத்திலிருந்து தென்புறத்துக்கு ஏறி இறங்கும் சாலை 48 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள். கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும். இரவில் கதவை மூடிவிடுவார்கள். முதல் உலகப் போரில் பேரரசை இழந்து சிறுத்துப்போயிருந்த ஆஸ்திரியா, உலகமே வேலையில்லாமல் திண்டாடிய 1930இல் இந்த வேலையைத் தொடங்கியது. பொறியாளர் ஃபிரான்ஸ் வாலக். ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே கூலி வாங்கினார்கள். 1935 ஆகஸ்ட் 3ஆம் தேதி திறப்பு விழா. மறுநாளே இதே சாலையில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. சுற்றுலாவுக்கென்றே போட்ட சாலை என்பதால் வளைவுகள் அகலம், தளம் வழுவழுப்பு. புதிதாக வருபவர்களுக்குக் கை பழக இதுதான் நல்ல இடம்.

ஆனால் இந்த மலையில் சாலை புதிதே தவிர, வழி புதிதில்லை. 2,504 மீட்டர் உயரத்தில் ஹோக்டோர் என்ற இடத்தில் வேலை நடந்தபோது, 1933இல், ரோமானியர் காலத்து ஹெர்குலிஸ் வெண்கலச் சிலை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. சுமை தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டிய யாரோ ஒருவர், கால் தவறாமல் கடந்ததற்குக் காணிக்கையாக வைத்திருக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஒரு கிளைச்சாலை பிரிந்து, பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் பெயர் கொண்ட ஒரு மேட்டுக்குப் போகிறது. அவர் 1856இல் வந்து பார்த்த இடம். எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் கூர்மையாக ஒரு சீழ்க்கை கேட்கும். மார்மட் என்ற மலையணில் இனம், முயலைவிடப் பருத்த உடம்பு, ஆள் நடமாட்டம் கண்டால் பாறைமேல் நின்று தன் கூட்டத்தை அப்படித்தான் எச்சரிக்கும். கீழே பாஸ்டர்ஸ பனியாறு. ஆஸ்திரியாவிலேயே பெரியது இதுதான். பனிக்கட்டிவரை மக்களை இறக்கிவிட 1963இல் ஒரு இழுவை ரயில் போட்டார்கள். இன்று அந்த ரயில் நின்ற இடத்திலிருந்து பனியைத் தொட இன்னும் வெகுதூரம் இறங்கிப் போக வேண்டும். பனி அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

லியன்ஸ் என்ற ஊர் வழியாகத் தெற்கே இறங்கினால் இத்தாலி. எல்லையில் நிறுத்திக் கேட்பார் பெரும்பாலும் கிடையாது. மலையின் நிறம்தான் மாறுகிறது. இதுவரை கருத்த பாறையும் பனியும் பார்த்த கண்ணுக்கு, வெளிறிய செங்குத்துப் பாறைகள் புல்வெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்பது தெரியும். இவைதான் டோலமைட் மலைகள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெப்பக் கடலுக்கடியில் பவளமும் சிப்பியும் படிந்து உண்டான பாறை. டோலோமியூ என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறையை ஆராய்ந்ததால் அவர் பெயரே மலைக்கும் வந்துவிட்டது. 2009இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே செல்லா என்றொரு பாறைக்கோட்டை. அதைச் சுற்றி செல்லா, போர்டோய், கம்போலோங்கோ, கார்டேனா என்று நான்கு கணவாய்கள். ஒரே காலைப்பொழுதில் நான்கையும் ஏறி இறங்கிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். ஊர்ப் பலகைகளில் இத்தாலியன், ஜெர்மன் தவிர லாடின் என்ற மூன்றாவது மொழியும் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வெளியே அந்த மொழியைப் பேசுபவர்கள் மிகக் குறைவு. மதியச் சாப்பாட்டில் கறி வேண்டாம் என்பவர்களுக்கும் கவலையில்லை. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து வேகவைத்த ஒரு பண்டம், மேலே உருக்கிய வெண்ணெய், எந்த மலைவிடுதியிலும் கிடைக்கும்.

இனி ஸ்டெல்வியோ. இந்தப் பயணத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இந்தப் பெயருக்காகத்தான் வருகிறார்கள்.

மெரானோ நகரைத் தாண்டி, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே மேற்கே போனால் பிராட் என்ற ஊர். அங்கே உயரம் 915 மீட்டர். கணவாயின் உச்சி 2,757 மீட்டர். கிழக்கு ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்ச் சாலைகளில் இதுவே மிக உயரம். இடையில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அதுவும் மேலிருந்து கீழாக. அதனால் ஏறுபவர்களுக்கு முதலில் வருவது 48. பிறகு 47, 46 என்று குறைந்துகொண்டே வரும். மரங்கள் இருக்கும்வரை இரண்டு மூன்று வளைவுகள்தான் கண்ணில் படும். மரங்கள் நின்றுபோன இடத்தில் தலையை நிமிர்த்தினால், மலைச்சுவரில் நூலை மடித்து மடித்து ஒட்டியது போல மிச்சமிருக்கும் சாலை முழுதும் தெரியும்.

ஒரு வளைவை எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும். ஆகவே ஏறும்போது வலப்புறம் திரும்பும் வளைவுதான் இறுக்கமானது. உள்ளோரத்தில் சாலை சட்டென்று எழும்பும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு, வண்டி கனமென்றால் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். நம் பாதைக்குள் எவ்வளவு வெளியே போக முடியுமோ அவ்வளவு வெளியே ஒதுங்கி நுழைய வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலே, சாலை எங்கே வெளியே வருகிறதோ அங்கே பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டால் வண்டி தானாக அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். பயந்து கீழே பார்த்தால் வண்டியும் கீழேதான் போகும். மேலே பஸ் ஒன்று இறங்குவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். திரும்ப அதற்கு முழுச் சாலையும் தேவை.

இப்படி 48 முறை திருப்பிய பிறகு ஒரு கேள்வி எழும். யார், எதற்காக இப்படிப் போட்டார்கள்? நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1815இல், இத்தாலியின் லொம்பார்டி பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. வியன்னாவிலிருந்தும் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியிலிருந்தும் மிலானுக்குப் படையும் தபாலும் போக நேர்வழி வேண்டியிருந்தது. கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் 1820இல் தொடங்கி 1825இல் முடித்தார். ஏறும் தூரம் சுமார் 25 கிலோமீட்டர், உயர்வது 1,800 மீட்டருக்கு மேல். கணக்குப் பார்த்தால் 100 மீட்டர் ஓடினால் ஏழெட்டு மீட்டர்தான் ஏறுகிறோம். வண்டி இழுக்கும் குதிரைக்கு அதற்கு மேல் தாங்காது. சரிவு குறைய வேண்டுமானால் தூரம் கூட வேண்டும், செங்குத்து மலையில் தூரத்தைக் கூட்ட மடித்து மடித்துப் போடுவதைத் தவிர வழியில்லை. இன்று உலகமெங்குமிருந்து ஆட்கள் தேடி வரும் இந்த 48 வளைவுகளும் ஒரு குதிரையின் மூச்சை அளந்து போட்டவை.

பேரரசுக்கு இந்தச் சாலை உதவியதென்னவோ 34 வருஷம்தான். 1859இல் லொம்பார்டி கைநழுவியது. கணவாயின் உச்சி எல்லைக்கோடு ஆனது. 1915இல் அதே கோடு போர்முனை. எதிரே நிற்கும் 3,905 மீட்டர் ஓர்ட்லர் சிகரத்தின்மீது ஆஸ்திரியப் படை பீரங்கியையே தூக்கிக்கொண்டுபோய் நிறுத்தியது. போர் முடிந்தபின் இரண்டு பக்கமும் இத்தாலி. 1953இல் இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயம் முதல்முறையாக இங்கே ஏறியது, ஃபாஸ்டோ கோப்பி முதலில் வந்து அந்த வருஷப் பட்டத்தையும் வென்றார். படைக்குப் போட்ட சாலை அன்றுமுதல் ஏறிப் பார்ப்பதற்கே உரிய சாலை என்று பெயர் வாங்கிவிட்டது.

உச்சியில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள். நினைவுப்பொருள் கடைகள், சாசேஜ் சுடும் புகை, வரிசையாக வண்டிகள். வழிகாட்டியோடு போவதன் பலன் இங்கேதான் தெரியும். பத்து மணிக்குள் மேலே போய், பஸ்கள் வருவதற்குள் மறுபக்கம் இறங்கிவிடுவார். பிற்பகலில் இடிமழை வருவதும் இந்த மலைகளின் வழக்கம்.

மறுபக்கம் கொஞ்ச தூரத்திலேயே உம்பிரயில் கணவாய். அங்கிருந்து சுவிட்சர்லாந்து. காடு வழியாக இறங்கினால் ரோமான்ஷ் மொழி பேசும் முஸ்தையர் பள்ளத்தாக்கு. மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் ஓடும் நாடு அது. வளைவில் அவை மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடிக்கும். ரோசினியின் வில்லியம் டெல் இசைநாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்த ஸ்வரங்கள் அவை. அஞ்சல் கொம்புச் சின்னம் போட்ட மலைச்சாலையில் அந்தப் பேருந்துக்குத்தான் முதல் உரிமை. ஓட்டுநர் கைகாட்டினால் ஒதுங்கியே ஆக வேண்டும்.

மறுபடி இத்தாலிக்குள் வந்து வடக்கே ஏறினால் ரெஷன் ஏரி. தண்ணீருக்கு நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் நிற்கும். 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம். 1950இல் மின்சாரத்துக்காக அணையை நிரப்பியபோது கிரௌன் என்ற ஊர் முழுகியது, மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கரையில் நின்று படம் எடுப்பவர்களுக்குக் கோபுரம் அழகுதான். அதற்கடியில் வயலும் வீடுகளின் இடிபாடும் கிடக்கின்றன.

ரெஷன் கணவாயைத் தாண்டினால் ஆஸ்திரியா, சில மணி நேரத்தில் இன்ஸ்புரூக்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். இந்த மலையூர்களில் வசிப்பவர்களுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் பெரிய தொந்தரவு. பள்ளத்தாக்கில் சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும். 2020இல் டிரோல் மாநிலம், ரொய்ட்டே பகுதியின் சில சாலைகளில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடுவதாகப் பதிவான மோட்டார் சைக்கிள்களைக் கோடையில் தடை செய்தது. 2017 கோடையில் செல்லா கணவாயைப் புதன்கிழமைப் பகல்களில் வண்டிகளுக்கு அடைத்துப் பார்த்தார்கள். நல்ல வழிகாட்டி ஊருக்குள் நுழையும்போது கையைத் தாழ்த்தி சைகை காட்டுவார். கியரைக் கூட்டி, எஞ்சினை அடக்கி, மெதுவாகக் கடந்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். உயரமான கணவாய்கள் பனிக்காலத்தில் மூடியிருக்கும். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர்வரை நல்ல காலம். அப்போதும் மேலே பனி தூவினால் ஆச்சரியமில்லை, மழை உடையும் கனத்த கையுறையும் கட்டாயம். நம் ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாட்டுக்கும் செல்லும். வலதுபக்கம் ஓட்டுவது சாலையில் பழகிவிடும். பெட்ரோல் பங்கிலிருந்தும் காபிக்கடையிலிருந்தும் வெளியே வரும் அந்த முதல் திருப்பத்தில்தான் பழைய வழக்கம் கையை இடதுபக்கம் இழுக்கும். அங்கே மட்டும் ஒரு நொடி நின்று யோசியுங்கள்.

வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை, அவர்களுக்குப் பந்தயத் தடம் இருக்கிறது. குதிரை நடைக்கு அளந்து போட்ட சாலையில் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனால் போதும், மலை முழுதையும் பார்த்துவிடலாம். பைக் ஓட்டத் தெரியாதவர்களும் மனம் தளர வேண்டாம். கோடையில் ஸ்டெல்வியோ உச்சிக்குக் கீழேயிருந்து பஸ் ஏறுகிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால், வளைவில் ஒதுங்கி நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போங்கள்.