பழவேற்காடு: ஏரி யாருடையது?

பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் பெயர்கள் கல்லறைகளில் இன்றும் இருக்கின்றன; தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. பஞ்ச காலங்களில் அதே துறைமுகத்திலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

அந்த ஏரியில் பறவைகளுக்குச் சரணாலயம் உண்டு. மீன்பிடி இடங்களைக் குடும்பங்களுக்கு முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் ‘பாடு’ உண்டு. அதைப் பாரம்பரியம் என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். சாதியால் வகுத்த அந்தப் பாரம்பரியத்தில் தலித் மீனவர்களுக்கு இடமில்லை. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பாடு இல்லை.

நிலத்தில் பங்கு கேட்ட நாம் நீரிலும் பங்கு கேட்போம். கல்லறையையும் பறவையையும் காக்கிற அரசு, பாட்டில் சம உரிமையையும் சட்டமாக்கட்டும். அதுவரை ஏரி பொதுச்சொத்து என்பதை நாம் ஏற்கமாட்டோம். ஜெய்பீம்!