எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



வங்கிக் கடன், வட்டி பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசினவங்க சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் பற்றிப் பேசுகிறேன். இதுவும் கடன் சமாச்சாரம்தான். எங்கள் குழுவின் உள்கடன் நோட்டில் ‘எதற்காக’ என்ற கட்டத்தில் முன்பெல்லாம் தறி, மாடு, மளிகைக் கடை என்று இருக்கும். இப்போது பாதிக்கு மேல் ‘கல்விச் செலவு’. காலேஜ் ஃபீஸ் என்று நினைக்காதீங்க. எல்.கே.ஜி.க்கும் ஒன்றாம் வகுப்புக்கும் கட்டுகிற பணம்.

ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, காசு கட்டினால்தான் படிப்பு வரும் என்று நம்ம மனசிலும் பதிந்துவிட்டது. “கவர்மெண்ட் ஸ்கூல்ல யாருங்க சேர்ப்பாங்க?” என்று நாமே சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டா சொல்கிறோம்?

அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று மாநகராட்சித் தொடக்கப் பள்ளி, ஒன்று மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, மூன்றாவது அரசு உதவி பெறும் பள்ளி. போன ஜூனில் எங்கள் குழுவில் நாலு பேர் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு மூன்றுக்கும் போனோம்.

தொடக்கப் பள்ளியில் புதுப் பெயிண்ட், சுவர் முழுக்கப் படம், வகுப்பில் பெரிய டிவி. “இங்கயே சேர்த்துடலாம்” என்றார் கூட வந்த அக்கா. எத்தனை பிள்ளைங்க, எத்தனை டீச்சர் என்று ஹெட்மாஸ்டரம்மாவிடம் கேட்டேன். 57 பிள்ளைகள், அவரையும் சேர்த்து இரண்டே பேர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு மிச்சம் ஒருவர்தான். அவர்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. அந்த அம்மா எங்களோடு பேசும்போதும் நோட்டுத் திருத்திக்கொண்டேதான் இருந்தார்.

நடுநிலைப் பள்ளியில் சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கிறது. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை 94 பிள்ளைகள், நாலு டீச்சர். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தோம். விரல் வைத்து வாசித்தாள். தடுமாறின இடத்தில் திரும்பிப் போய் அவளே சரிசெய்து வாசித்தாள். சுவரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

மூன்றாவது பள்ளியும் சுமாராக நன்றாகவே இருந்தது. அங்கே குறையாக இருந்தது காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. இப்போது அந்தக் குறையும் இல்லை. பல ஊரில் அந்தச் சாப்பாட்டைச் சமைப்பது நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். பள்ளியைப் பற்றி அவர்களிடமும் விசாரியுங்க. பதிவேட்டில் எத்தனை பேர், தட்டில் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. மூன்றாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருந்தால் உடனே தப்பாக நினைக்காதீங்க. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து உட்கார வைக்கிறார்கள். டீச்சர் இல்லாமல் ஒரே அறையில் அடைத்து வைப்பது வேறு. ‘இங்கிலீஷ் மீடியம்’ என்று போர்டு இருந்தாலும், அதற்குத் தனி டீச்சர் உண்டா, இல்லை ஒரே டீச்சர் இரண்டையும் பார்க்கிறாரா என்று கேளுங்க.

இனி கணக்குக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நாலு. நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடுகிறார்கள். அந்த 57-இல் நாலு பிள்ளை கூடியிருந்தால் மூன்றாவது டீச்சரைக் கேட்கலாம். எங்கள் தெருவிலிருந்து மட்டும் அந்த வருஷம் ஆறு பிள்ளைகள் வேன் ஏறிப் போனார்கள். டீச்சர் இல்லைன்னு நாம சேர்க்கறதில்லை, நாம சேர்க்கலைன்னு டீச்சர் வர்றதில்லை.

நாங்கள் போன நாலு பேரில் இரண்டு பேர் நடுநிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒருத்தர் உதவி பெறும் பள்ளியில். இன்னொரு தங்கச்சி அந்த இரண்டு டீச்சர் பள்ளியிலேயே சேர்த்தாள். மற்ற இரண்டுக்கும் மெயின் ரோட்டைத் தாண்டணும். காலையில் கூட்டிப்போக வீட்டில் ஆளில்லை. அவள் கணக்கும் சரிதான். ஆனால் சும்மா இருக்கவில்லை, பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்துகொண்டாள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. நிறைய இடத்தில் அந்த அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இவள் உட்கார்ந்து பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கிறாள்.

போன ஆகஸ்டில் அங்கே 59. இரண்டு பேர் குறைவு. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்து 11 பேர் வெளியே போகிறார்கள். 61 வரணும் என்றால் புதிதாக 13 பேர் சேரணும். எங்கள் மூன்று தெருவில் ஐந்து வயது முடிகிற பிள்ளைகளை எழுதியிருக்கிறோம், ஒன்பது பேர் தேறுகிறார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மற்ற குழுக்காரங்க சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வாங்க. நோட்டு கையிலதான் இருக்குதுங்க.